ஆனைக்கொம்பன்: புதிதாக நெல் வைப்பவர் பார்க்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

நடவு முடிந்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். பயிர் பச்சை பிடித்து தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) வெடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சில குத்துகளில் (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளில்) மட்டும் ஒரு குருத்து இலையாக விரியாமல், உள்ளே வெற்றாக, வெளிறிய குழலாக நீண்டு நிற்கும். வெங்காயத் தாளைக் கொண்டுவந்து நெல் குத்தில் செருகிய மாதிரி இருக்கும். அதைத்தான் வெங்காய இலை என்றும் வெள்ளித் தண்டு என்றும் சொல்கிறோம். காரணம் ஆனைக்கொம்பன் ஈ.

புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் இதைப் பார்த்த மறுநாளே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழல் வெளியே நீண்டுவிட்டது என்றால் அந்தத் தூரில் பூச்சியின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்தத் தூர் இனி கதிர் விடாது, எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது. இனி வரப்போகும் தூர்களைத்தான் காப்பாற்ற முடியும். அதற்கு மருந்து தேவையா, தேவை என்றால் எப்போது என்பதை முதலில் வயலில் இறங்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பூச்சி எப்படி வேலை செய்கிறது

கொசுவைவிடச் சற்றுச் சின்ன ஈ. நீண்ட மெல்லிய கால்கள். பெண் ஈயின் வயிறு ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆண் அதைவிடச் சின்னதாக மங்கலாக இருக்கும். அறிவியல் பெயர் ஆர்சியோலியா ஒரைசே. பகலில் பயிரின் அடியில் ஒதுங்கிக்கொள்ளும், இரவில் பறக்கும், வெளிச்சத்தைத் தேடி வரும். வளர்ந்த ஈக்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். அது பயிரை ஒன்றும் செய்யாது.

அந்தக் குறுகிய ஆயுளில் ஒரு பெண் ஈ நூறு முதல் இருநூறு முட்டை வரை இடும். இலையின் மேலும் இலை தண்டோடு சேரும் இடத்தை ஒட்டியும் ஒவ்வொன்றாகவோ சிறு கூட்டமாகவோ இடுகிறது. மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். அந்தப் புழுவுக்குக் கால் கிடையாது. இலை மேல் பனியோ தூறலோ விட்டுச் சென்ற ஈரத்தில்தான் அது வழுக்கி வழுக்கி இறங்க முடியும். இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவே புகுந்து, தூரின் அடியில் இருக்கும் வளர்நுனியைப் போய்ச் சேரும். ஈரம் இல்லாவிட்டால் முட்டையும் பொரியாது, பொரித்த புழுவும் வழியிலேயே காய்ந்து செத்துப்போகும். மேகமூட்டமும் தூறலுமாக நாள் கணக்கில் இருந்தால் இந்தப் பூச்சி ஏன் பெருகுகிறது என்பதற்குக் காரணம் இதுதான். வயலில் நிற்கும் தண்ணீரைவிட இலையில் நிற்கும் ஈரம்தான் இங்கே முக்கியம்.

வளர்நுனியில் உட்கார்ந்த புழு தின்னத் தொடங்கியதும், அதன் எச்சிலில் இருப்பவை செடியின் வளர்ச்சியையே மாற்றிவிடுகின்றன. இலையாக வேண்டிய திசு புழுவைச் சுற்றி அறையாக மூடிக்கொள்கிறது. இரண்டு வாரத்துக்கும் மேல் புழு அதற்குள் இருக்கும். அது கூட்டுப்புழுவாகும் தறுவாயில்தான் அறை குழலாக நீண்டு வெளியே தலை காட்டும். ஆக, நாம் ‘இன்றைக்குத்தான் வந்திருக்கிறது’ என்று நினைக்கும் தாக்குதல் மூன்று வாரத்துக்கு முன்பே நடந்து முடிந்தது.

கூட்டுப்புழு அடியிலிருந்து குழலின் நுனி வரை நெளிந்து ஏறும். வயிற்றில் உள்ள சிறு முட்கள் அதற்குப் பிடிமானம். நுனியில் ஒரு துளை போட்டு, பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டு ஈயாக உரியும். மேலுறை மட்டும் வெள்ளையாக அந்தத் துளையிலேயே தொங்கும். முட்டையிலிருந்து ஈ வரைக்கும் ஏறக்குறைய மூன்று வாரம்.

வயலில் இறங்கிப் பார்ப்பது

ஒரு பழைய பிளேடு போதும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். குழல் விட்ட தூரை வேர்க்கழுத்து வரை கிள்ளி எடுத்து, அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் கிழியுங்கள். குழலை மட்டும் பாதியில் கிள்ளி எடுத்தால் புழு வயலிலேயே தங்கிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைத் துணியோ காகிதமோ விரித்து அதன்மேல் வைத்துக் கிழித்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

அடியில் வெளிர் சிவப்பில், மூன்று மில்லிமீட்டர் அளவில், காலும் தலையும் தெரியாத புழு இருந்தாலோ, கொஞ்சம் மேலே சிவந்த கூட்டுப்புழு இருந்தாலோ ஈ இன்னும் வெளியேறவில்லை. சில நாளில் வெளியேறும்.

நுனியருகே துளையும் அதில் வெள்ளை உறையும் இருந்தால் ஈ போய்விட்டது. அக்கம்பக்கத்துத் தூர்களில் முட்டை இட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிலைமைதான் நான் எல்லாரையும் தேடிப் பார்க்கச் சொல்வது. புழு அசையாமல் கிடக்கும். அதன் தோலுக்குள் பொடிப் பொடியாக, பழுப்பு நிறத்தில் கூடுகள் அடைந்து கிடக்கும். பிளேடின் முனையால் தொட்டால் புழுவின் உடல் என்று எதுவும் மிஞ்சியிருக்காது, தோல் மட்டும் பையாக நிற்கும். அது பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்னும் குளவியின் வேலை. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறிய கறுப்புக் குளவி அது. ஈயின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கிறது. அந்த ஒரு முட்டையே பல கருக்களாகப் பிரிந்து, ஒரே புழுவுக்குள்ளிருந்து பல குளவிகள் வரும். அவை குழலிலிருந்து வெளியேறும்போது ஊசியால் குத்திய மாதிரி மிகச் சிறிய துளைதான் இருக்கும். ஈ போட்ட பெரிய துளையையும் அதில் தொங்கும் வெள்ளை உறையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

குழல் இருந்து, துளையும் இல்லாமல், உள்ளே எதுவுமே இல்லை என்றால் பூச்சியை விட்டுவிட்டுக் களைக்கொல்லியை நினையுங்கள். 2,4-டி இளம் பயிரில் பட்டாலும் இலைகள் இப்படிக் குழலாகச் சுருண்டு வரும். அதில் பெரும்பாலும் வயல் முழுக்க, அல்லது மருந்து பட்ட பட்டை முழுக்க ஒரே சீராகத் தெரியும். ஆனைக்கொம்பன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும்.

குருத்துப் பூச்சி என்னும் தண்டுத் துளைப்பானோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்டுத் துளைப்பான் தாக்கிய நடுக்குருத்து பழுப்பாகக் காய்ந்திருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும், அடி அரித்திருக்கும். வெள்ளித் தண்டு காய்ந்திருக்காது. உயிரோடு, வழவழப்பாக, வெளிறி நிற்கும்.

எண்ணுவது

வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்துகொண்டே, இடைவெளி விட்டு 20 குத்துகளைப் பாருங்கள். வரப்போரத்துக் குத்துகளை மட்டும் எண்ணி முடிவுக்கு வரக் கூடாது. ஒவ்வொரு குத்திலும் மொத்தத் தூர் எத்தனை, வெள்ளித் தண்டு எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். 20 குத்தில் 240 தூர் இருந்து அதில் 24 வெள்ளித் தண்டு என்றால் 10 சதவீதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனைக்கொம்பனுக்குச் சொல்லும் பொருளாதார சேத நிலை, அதாவது மருந்துச் செலவு செய்யத் தகும் அளவு, இந்த 10 சதவீதம்தான். அதற்குக் கீழே இருந்தால் மருந்துச் செலவு மீளாது. இளம் பயிர் இழந்த தூருக்குப் பதில் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடு கட்டிக்கொள்ளும்.

அப்புறம் இன்னொரு கணக்கு. தூர் கட்டும் காலம் வரைதான் இந்தப் பூச்சியால் தீங்கு. தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கிவிட்டால் அந்தத் தூரில் குழல் உண்டாகாது. உங்கள் ரகத்தின் மொத்த வயதிலிருந்து 65 நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். 135 நாள் ரகத்தில் விதைத்த 70ஆம் நாளை ஒட்டியும், 105 நாள் ரகத்தில் 40ஆம் நாளை ஒட்டியும் கதிர் உருவாகத் தொடங்கும். அந்த நாளைத் தாண்டிய பயிரில் ஆனைக்கொம்பனுக்கு என்று மருந்து அடிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. எத்தனையோ வயல்களில் குழல்கள் நன்றாகக் கண்ணில் பட்டு உறுத்துவது இந்தக் கட்டத்தில்தான், ஆட்கள் மருந்து அடிப்பதும் அப்போதுதான்.

மருந்து எப்போது

மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும். எண்ணிக்கை 10 சதவீதத்தைத் தொட்டிருக்க வேண்டும். பயிர் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கிழித்துப் பார்த்ததில் உயிருள்ள புழுவும் கூட்டுப்புழுவும் அதிகமாகவும், குளவி அடைந்த புழு குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் வட்டார உதவி வேளாண்மை அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ அந்தப் பருவத்தின் பரிந்துரையைக் கேட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். மருந்துப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே பெயர் தரவில்லை.

ஒரு பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும். ‘ஃபோரேட் குருணை போடு, அடங்கிவிடும்’ என்று பெரியவர்கள் சிலர் இன்னமும் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அதுதான் வழக்கம். கடும் நஞ்சான அந்த மருந்துக்கு இந்தியாவில் 2020 இறுதியோடு தடை வந்துவிட்டது. பழைய இருப்பு எங்காவது கிடைத்தாலும் தொடாதீர்கள்.

செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளையும் தூர் கட்டும் பயிரில் தவிருங்கள். சிலந்திகளும் குளவிகளும் முதலில் சாகும். அடுத்த மாதமே புகையான் (பயிரின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சி) பெருகும். ஆனைக்கொம்பனால் போவது கொஞ்சம் தூர். புகையான் வந்தால் வட்ட வட்டமாக வயலே காயும்.

குளவியை வயலுக்குக் கொண்டுவருவது

செலவில்லாத வேலை, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். குளவி அடைந்த குழல்கள் கிடைக்கும் வயலிலிருந்து (பெரும்பாலும் முன்கூட்டி நட்ட வயலாக இருக்கும்) குழல்களை அடியோடு சேகரியுங்கள். சிலவற்றைக் கிழித்துப் பார்த்து, பெரும்பாலானவற்றில் குளவிதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிக்கு மேல் ஈயின் புழுவே இருந்தால் எடுத்து வந்து உங்கள் வயலில் வைப்பது எதிரியை நாமே அழைத்து வருவதாகிவிடும். அப்படிப்பட்ட குழல்களை மண்ணில் புதைத்துவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் குழல்களை ஈரத் துணியில் சுற்றி, அகன்ற வாய் பாட்டிலில் போட்டு, மெல்லிய நெருக்கமான துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் வெளியே வருவது சிவந்த வயிற்று ஈயா, பொடிக் கறுப்புக் குளவியா என்று தெரிந்துவிடும். ஈக்களை உள்ளேயே கொன்றுவிட்டு, குளவிகளை மட்டும் மாலையில் வயலில் திறந்துவிடலாம். ஒருமுறை இப்படி வளர்த்துப் பார்த்த பிறகு வயலில் குழலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பல்கலைக்கழகப் பரிந்துரை, நட்ட 10ஆம் நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் குளவி அடைந்த குழலை வயலில் வைப்பது. 10ஆம் நாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இளம் பயிரில் ஈ முட்டையிடும் நேரத்தில் குளவியும் வயலில் இருந்தாக வேண்டும். மாதம் கழித்து வைத்தால் அந்தப் பயிருக்குப் பயன் குறைவு.

அடுத்த பட்டத்துக்கு இப்போதே யோசிக்க வேண்டியவை

இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை நடவுத் தேதிக்கு இருக்கும் வலு எந்த மருந்துக்கும் கிடையாது. காவிரி டெல்டாவில் தாளடிப் பயிர் ஏன் அடிபடுகிறது என்று பாருங்கள். குறுவை அறுத்துவிட்டு ஐப்பசி வாக்கில் நடுகிறோம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரமும், மேகம் மூடி இலை காயாமல் இருக்கும் நேரமும், பயிர் தூர் கட்டும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சம்பாவை முன்னாடியே நட்டவருக்கு மழை வலுக்கும்போது பயிர் பாதித் தூர் கட்டி முடித்திருக்கும். ஊரில் எல்லாரும் ஒரே வாரம் பத்து நாளுக்குள் நட்டால் இன்னும் நல்லது. ஒருவர் புரட்டாசியிலும் ஒருவர் கார்த்திகையிலும் நட்டால், முன்பயிரில் பெருகிய ஈ முழுவதும் பின்பயிரின் மேல் இறங்கும். தண்ணீர் திறப்பு நம் கையில் இல்லை, உண்மைதான். ஆனாலும் வாய்க்கால் அளவில் பேசி வைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

ரகத்துக்கு வருவோம். ஒவ்வொரு பருவமும் ஆனைக்கொம்பன் வரும் பகுதியில் எதிர்ப்பு ரகம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். மதுரை வேளாண்மைக் கல்லூரியில் உருவான எம்.டி.யூ 3 இதற்கென்றே பெயர் பெற்றது. ஐ.ஆர் 8 ரகத்தோடு வாரங்கலின் டபிள்யூ 1263 சேர்த்து எடுத்த ரகம் அது. அந்த வாரங்கல் ரகத்துக்கு எதிர்ப்பைக் கொடுத்தது ஈஸ்வரகோரா என்ற பழைய நாட்டு நெல். நெல்லில் இந்த ஈக்கு எதிரான மரபணுக்கள் பத்துக்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஈயும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மட்டும் ஏழு உயிரி வகைகளாக (ஒரே ஈ, ஆனால் எந்த ரகத்தைத் தாக்கும் என்பதில் வேறுபடும் வகைகள்) அது பிரிந்திருக்கிறது. தெலங்கானாவில் ஈயைத் தாங்கிய ரகம் கேரளத்தில் தாங்காமல் போகலாம். அதனால் ‘ஆனைக்கொம்பன் வராது’ என்று விதைப் பையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல், உங்கள் பக்கத்து வயல்களில் அந்த ரகம் எப்படி நின்றது என்று கேட்டுப் பாருங்கள்.

நாற்றங்காலிலிருந்தே தாக்குதல் தொடங்கிவிடும். ஈ வெளிச்சத்துக்கு வருவதால் தெருவிளக்கை ஒட்டி நாற்றங்கால் போடுவதை முடிந்தவரை தவிருங்கள். நாற்றுப் பறிக்கும்போது அடி பருத்தும் குழல் விட்டும் இருக்கும் நாற்றைக் கழித்துவிடச் சொல்லுங்கள். பறிக்கும் ஆட்களுக்கு ஒரு நாற்றைக் கையில் எடுத்துக் கிழித்துக் காட்டினால் போதும், அப்புறம் அவர்களே கழிப்பார்கள்.

உரம்: யூரியாவை மொத்தமாகக் கொட்டாதீர்கள். இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து இரவு முழுக்க வைத்திருந்து போட்டால் சத்து மெதுவாகக் கிடைக்கும். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) குறைக்க வேண்டாம்.

விளக்குப் பொறியைப் பலரும் பூச்சியைக் கொல்லும் கருவியாக நினைக்கிறார்கள். அதன் முக்கியமான பயன் தகவல்தான். ஒரு விளக்கு, அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்த் தட்டு. மாலை 6 மணிக்குப் போட்டு 10 மணிக்கு அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாகச் சாகும். மறுநாள் காலை தட்டில் சிவந்த வயிற்றுச் சின்ன ஈக்கள் கூடுகின்றனவா என்று பாருங்கள். அவை கூடும் வாரத்தில் வயலைப் போய்ப் பார்த்தால், குழல் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

வேறு செடிகளில் முடிச்சும் கொப்புளமும் கண்டால்

நெல்லைப் பழகிய கண் தோட்டத்துக்குப் போனால் எல்லா வீக்கத்தையும் ஈயின் வேலை என்று நினைக்கும். மா இலையில் மரு மாதிரிக் கொப்புளம் எழுப்புவது இதே குடும்பத்து ஈதான். மல்லிகையில் மொட்டின் அடி பருத்து, நிறம் ஊதா கலந்து, மலராமல் உதிர்ந்தால் அதுவும் இந்தக் குடும்பத்து மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும் என்பதால், உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிப்பதும் செடியின் அடி மண்ணைக் கொத்திவிடுவதும் அங்கே முதல் வேலை. ஆனால் புங்கன் இலையில் விரல் விரலாக எழும் முடிச்சு சிலந்திப் பேனால் வருவது. தைல மரத்துக் காம்பிலும் கல்யாண முருங்கை இலையிலும் வீக்கம் உண்டாக்குவது குளவி வகை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எதுவானாலும் முதலில் கிழித்துப் பாருங்கள்.

அறுவடைக்குப் பிறகு

கதிர் உருவாகும் காலத்தில் பூச்சி வயலை விட்டுப் போய்விடுவதில்லை. தூரின் அடியில் உறங்கும் மொட்டுகளில் புழு வளராமல் காத்துக் கிடக்கும். அறுத்த பிறகு தாளிலிருந்து மறுதாம்பு (மறுபடி வளரும் பயிர்) துளிர்த்தால் அதில் மறுபடி கிளம்பும். காட்டு நெல்லும் வரப்போரத்துப் புற்களில் சிலவும் அதற்குப் பட்டங்களுக்கு நடுவே தங்குமிடம். ஆகவே அறுவடை முடிந்ததும் தாளை உழுது மடக்கிவிடுங்கள். ஆட்டுக்கிடை போடுவதானாலும் அதற்கு அப்புறம் உழவு வேண்டும், ஆடு மேய்ந்த தாள் மறுபடி துளிர்க்கும். வாய்க்கால் ஓரத்தில் காட்டு நெல் நிற்கிறதா என்று பார்த்துப் பிடுங்குங்கள். வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டும்போது புல்லைக் குவித்து வைக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

20 குத்து எண்ணிய நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நடவுத் தேதி, ரகம், முதல் குழல் கண்ட நாள், எத்தனை சதவீதம், கிழித்ததில் எத்தனையில் குளவி இருந்தது என்ற ஐந்தும் அதில் இருந்தால், அடுத்த பட்டத்துக்கு எந்த ரகம், எந்த வாரம் நடவு என்று முடிவு செய்ய உட்காரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவீர்கள்.